குலம் அண்ணையின் பிழைத்த வாக்குகள்

குலம் அண்ணை போய்விட்டார் என்ற செய்தி எனக்கு இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் போனது கணேசனுக்கு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் போடும் நினைவு மலருக்கு எழுதும்போது இப்படித் தொடங்கலாமா என்று என் மனைவி யசோவிடம் கேட்டேன். "செத்த வீட்டிலையும் உங்களுக்கு உந்தக் கணக்கோ?" என்று ஏசினாள். ஏசட்டும். குலம் அண்ணையை அறிந்த உங்களில் முக்கால்வாசிப் பேருக்கு என்னையும் தெரியும். அன்னார் பண்பின் சிகரம், பாசத்தின் ஊற்று என்றெல்லாம் நான் எழுதினால் நீங்களே நம்பமாட்டீர்கள்.

அது ஒரு சனிக்கிழமைப் பின்னேரம். தோர்ண்டன் ஹீத்தில் தமிழ்க் கடைக்குப் போய் வந்து, மரக்கறிப் பைகளைக் குசினிக்குள் இறக்கிக்கொண்டிருந்தேன். குலம் அண்ணையின் மனைவி ராணி அக்காவிடமிருந்து தொலைபேசி வந்தது. "தம்பி ஈசன், அண்ணை எங்களை விட்டிட்டுப் போட்டார். காலமை வேலையாலை வந்து படுத்தவர், எழும்பேல்லை" என்றார். கையிலிருந்த முருங்கைக்காய்க் கட்டைக் கீழே வைக்கவும் எனக்குத் தோன்றவில்லை. "தனியவோ அக்கா நிக்கிறியள்?" என்று கேட்டேன். "இல்லைத் தம்பி, கணேசன் வந்து நிக்கிறார். அவர்தான் அம்புலன்சுக்கும் அடிச்சவர்."

கணேசன் ஆர்ச்வேயில் அவர்களுக்கு அடுத்த தெருவில் இருப்பவர். நான் லண்டனின் மறுகோடியில் இருப்பவன். அவசரத்துக்குப் பக்கத்தில் இருப்பவரைத்தான் கூப்பிடுவார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் பொறாமைக்கு லண்டன் ட்யூப் ரயில் மாப் தெரியாது. சொந்த அண்ணனைப் போல் ஒருவர் கண்ணை மூடிவிட்ட அந்த நிமிடத்தில் எனக்கு முதலில் வந்தது எரிச்சல். அழுகை பிறகு, விக்ரோறியா போகும் ரயிலில் வந்தது. எதிரில் இருந்த பெண் கண்ணைத் துடைக்கத் தன் கையிலிருந்த கடுதாசித் துண்டை நீட்டினாள்.

குலசிங்கம் என்ற அவருடைய முழுப் பெயரை நான் முதலில் கேட்டது குரோய்டனில். அகதி விண்ணப்பக்காரர் எல்லோரும் ஏறி இறங்கிய அந்தப் பெரிய கட்டடத்தின் காத்திருக்கும் மண்டபத்தில், அவர் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடித்ததும் சுற்றி வந்த பேப்பரைக் கசக்கி உருட்டி, எழும்பாமலே, மூலையில் இருந்த குப்பை வாளிக்கு எறிந்தார். விளிம்பில்கூடப் படாமல் உள்ளே விழுந்தது. எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. நானும் ஒன்றை உருட்டி எறிந்தேன். அது காவலாளியின் சப்பாத்தில் போய்ப் பட்டது. காவலாளி என்னைப் பார்த்த பார்வையில், விசா கிடைத்தமாதிரித்தான் என்று நினைத்துக்கொண்டேன். குலம் அண்ணை மெல்லச் சிரித்தார். "தம்பி, நீர் விழவேணும் எண்டு நினைச்சு எறியிறீர். அதுதான் பிழைக்குது. விழுந்ததைப் பாத்துப்போட்டு வந்த ஆள் மாதிரி எறியும்." அவரைப்பற்றி உள்ளே எனக்கு ஒரு முள் குத்தியது அன்றுதான். அதன்பிறகு அதை எடுத்துப்போட வாய்ப்பே வரவில்லை.

பள்ளிக்கூட நாட்களில் அவர் கூடைப்பந்து ஆடியவர் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் கிரிக்கெட்டைத் தவிர வேறொன்றையும் பேசாத நம் சனத்துக்குள் அவர் ஏன் அமெரிக்க விளையாட்டுகளைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்பது பலருக்குத் தெரியாது. அதற்குக் காரணம் ஒரு கலியாணம். ராணி அக்காவின் அண்ணன் குலம் அண்ணையின் அக்காவைக் கட்டினார். குலம் அண்ணை ராணி அக்காவைக் கட்டினார். ஒரே பந்தலில் நடந்த மாற்றுச் சம்பந்தம், பெண் கொடுத்துப் பெண் எடுப்பது. அந்த அக்காவும் புருஷனும் பிறகு அமெரிக்காவில் ஒரு நகரத்தில் போய்க் குடியேறினார்கள். நகரத்தின் பெயரை எழுதமாட்டேன். இந்த மலரை வாசிப்பவர்களில் எதிரணிக்காரரும் இருக்கிறார்கள், செத்த வீட்டில் சண்டை வேண்டாம். அந்த நகரத்தின் கூடைப்பந்து அணியும் பேஸ்போல் அணியும் அன்றுதொட்டுக் குலம் அண்ணையின் சொந்தக்காரர். இரண்டையும் அவர் "அக்காவின்ட ஆக்கள்" என்றுதான் சொல்லுவார். அணிகளின் உண்மையான பெயர்களை அவர் வாயால் நான் கேட்டதில்லை.

கிரிக்கெட்டோடு கிடந்த என்னை இழுத்தவரும் அவர்தான். பேஸ்போல் ஒன்றும் விளங்கவில்லை என்று நான் முறைப்பட்டபோது, "இதிலை விளங்க என்ன கிடக்கு? சப்பாத்துப் போட்ட எல்லே தம்பி" என்றார். தடியால் பந்தை அடித்துவிட்டுக் கம்பத்துக்குக் கம்பம் ஓடும் எங்கள் பள்ளிக்கூட எல்லேயை நினைத்துக்கொண்டு பார்த்தேன். உடனே விளங்கிவிட்டது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. நான் நூலகத்தில் எடுத்து வாசித்த புத்தகம் விளக்க முடியாததை இந்த மனுசன் ஒரு வரியில் விளக்கிவிட்டார்.

அமெரிக்காவில் பின்னேரம் ஆடுவது நமக்கு விடியப்புறம் வரும். இருவருக்கும் காலையில் வேலை. ஆகவே என் வீட்டில் வீடியோ கசற்றில் பிடித்து வைப்பேன். அடுத்த நாள் பின்னேரம் அவர் வருவார், ஒன்றாக இருந்து பார்ப்போம். அதற்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. முடிவைத் தெரிந்துகொள்ளக்கூடாது. இந்த நாட்டுப் பத்திரிகைகள் கூடைப்பந்தை ஒரு மூலையில்கூடப் போடுவதில்லை. ஆனாலும் நான் பத்திரிகைக் கடை வந்தால் தெருவின் மறுபக்கம் மாறி நடப்பேன். பிள்ளைகள் கம்ப்யூட்டரைத் திறக்கக்கூடாது. குலம் அண்ணை வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே, "ஆரும் சொன்னவையோ?" என்று கேட்பார். "இல்லை அண்ணை." "எனக்கும் இல்லை. போடும்." விரதம் பிடிப்பவனும் அவ்வளவு சுத்தமாக இருக்கமாட்டான். எங்கள் உறவு முழுவதும் அந்த ஒரு கேள்வியிலும் பதிலிலும் நின்றது என்றே நான் நம்பியிருந்தேன்.

அதற்குள் கணேசன் வந்தார். குலம் அண்ணை ஆஸ்பத்திரி ஒன்றின் இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்தார். கூட வேலை செய்த ஒரு பெண்ணுக்குக் கைக்குழந்தை, இரவு வேலை ஏலாது என்று சொல்ல, இவர் தன் பகல் ஷிப்டைக் கொடுத்து அவளுடைய நைற் ஷிப்டை எடுத்துக்கொண்டார். அங்கே மேலதிகாரியாக இருந்தவர் கணேசன். மலேசியாக்காரர், படிக்க வந்து தங்கிவிட்டவர், அவரும் பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து ஆடியவராம். அன்றிலிருந்து குலம் அண்ணையின் பேச்சில் பாதி "கணேசன் சொல்லுறார்" என்றே தொடங்கும். கணேசன் சொல்லுறார் இந்தத் தேயிலை நல்லதாம். கணேசன் சொல்லுறார் மழைக்கு இந்தச் சப்பாத்துத்தான் சரியாம். வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்து இருவரும் ஹைகேற் முருகன் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வருவார்களாம். தோர்ண்டன் ஹீத்தில் இருந்துகொண்டு அந்த முருகனிலும் எனக்குக் கோபம் வந்தது.

நைற் ஷிப்டுக்குப் போனபிறகு அவரிடம் ஒரு மாற்றத்தைக் கண்டேன். ஆட்டத்தை வாசிக்கும் அவருடைய கண் அதிசயமாகக் கூர்மையானது. கசற்றைப் போட்டுவிட்டு இருப்போம். ஒருவன் பந்தை உயர்த்துவான். "விழும்" என்பார், விழும். "உது வளையத்திலை பட்டுத் தெறிக்கும்" என்பார், தெறிக்கும். நாங்கள் தோற்றுக்கொண்டிருப்போம், நான் தலையில் கை வைத்திருப்பேன். அவர் வடையைக் கடித்துக்கொண்டு, "பொறும் தம்பி. உவன் வெளியிலை வாங்கிலை குந்தி இருக்கிறான் பாரும், நெட்டையன், அவனை இறக்குவினம். இறக்கினால் சரி" என்பார். நெட்டையனை இறக்குவார்கள். சரியாகும். இரவு விழிப்பது ஞானத்தைத் தரும்போல என்று நினைத்தேன்.

என் வீட்டில் அவருடைய மதிப்பு ஏறியது. என் மகள்மார் அவரைச் சாத்திரம் சொல்லும் சாத்திரி மாமா என்று கூப்பிட்டார்கள். கிரிக்கெட்டோ கூடைப்பந்தோ எதையும் பார்க்காத யசோ, அவர் வந்தால் குசினி வாசலில் வந்து நின்று, "அண்ணை, இது விழுமோ?" என்று கேட்பாள். "அண்ணைக்கு வாக்குச் சித்தி" என்று அயலில் எல்லாம் சொன்னாள். நானும் முயன்றேன். ஒருமுறை எல்லோருக்கும் முன்னால், "விழும்" என்று சொன்னேன். பந்து வளையத்தையே தொடவில்லை. சின்னவள் சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது. "அப்பா, ஜஸ்ற் லீவ் இற் ரு மாமா" என்றாள். நான் வாங்கிய சோபாவில், நான் பிடித்த கசற்றில், என் மனைவி சுட்ட வடையில் அந்த மனுசன் தீர்க்கதரிசியாக இருந்தார். எனக்கு வயிறு எரியாதா? உங்களுக்கு என்றால் எரியாதா?

ஒரு வருடம் அக்காவின்ட ஆக்கள் இறுதிப் போட்டிக்கு வந்தார்கள். அதற்கு முந்தைய வருடம் அடிமட்டத்தில் கிடந்த அணி அது. தொடரில் இன்னும் ஒரு வெற்றி, அதோடு கிண்ணம் என்ற நிலை. நான் கசற்றில் பிடித்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அன்று அவர் வழக்கத்தைவிட நேரத்தோடு வந்துவிட்டார். கண் சிவந்திருந்தது. வாசலில், "ஆரும் சொன்னவையோ?" என்றார். இல்லை என்றேன். கதிரையில் இருந்தபிறகும் இன்னொருமுறை, "உண்மையா ஒருத்தரும் சொல்லேல்லையோ?" என்றார். மற்ற நாட்களில் மாப்பிள்ளை மாதிரிச் சாய்ந்து இருப்பவர் அன்று சோபாவின் நுனியில் இருந்தார். தேத்தண்ணீரைத் தொடவில்லை.

ஆட்டம் தொடங்கியது. "விழும்" என்றார். வளையத்தில் பட்டு வெளியே தெறித்தது. "உவனை மறிப்பினம்" என்றார். அவன் மறித்தவனையும் தாண்டிப் போய்ப் போட்டுவிட்டு வந்தான். "நெட்டையனை இப்ப இறக்கமாட்டினம்" என்றார். அவர் வாய் மூடமுதல் நெட்டையன் மேற்சட்டையைக் கழற்றிக்கொண்டு ஆட எழும்பினான். ஒன்று பிழைத்தது, இரண்டு பிழைத்தது, பிறகு எல்லாமே பிழைத்தது. யசோ குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள். எனக்குக் கிண்ணம் மறந்துபோனது. இந்த மனுசனின் வாக்கு ஒவ்வொன்றாக விழ விழ எனக்குள்ளே மத்தாப்பு. "என்ன அண்ணை, நைற் ஷிப்ட் கண்ணைக் குடிச்சுப்போட்டுதோ?" என்று கேட்டேன். "பொறும், பொறும்" என்றார், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். அன்று நான் சொன்ன இரண்டு பலித்தன. மகள்மாரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

கடைசிப் பகுதியில் எங்களுடைய முன்னிலை கரையத் தொடங்கியது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். பந்து எதிரணியின் கைக்குப் போகும்போதெல்லாம் பிடி இறுகியது. நகம் பதிந்தது. "அண்ணை, நோகுது" என்றேன், கேட்கவில்லை. ஒருவழியாக மணி அடித்து, அக்காவின்ட ஆக்கள் வென்று, மேலேயிருந்து வண்ணக் கடுதாசி கொட்டியபோது குலம் அண்ணை எழும்பி நின்றார். என்னைக் கட்டிப் பிடித்தார். முழு மனுசனும் நடுங்கிக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியாது தம்பி. சத்தியமா எனக்குத் தெரியாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இவருக்கென்ன, சந்தோசத்தில் புத்தி தடுமாறி அறளை பெயர்ந்துவிட்டதா என்று நினைத்தேன். பிறகு அமெரிக்காவுக்குத் தொலைபேசி எடுத்து அக்காவிடம் கிண்ணம் வென்ற கதையைச் சொன்னார். அக்கா வாழ்க்கையில் ஒரு ஆட்டம் பார்த்தவரல்ல. "உதுக்கோ இஞ்சை ரோட்டெல்லாம் பூட்டி வைச்சிருக்கிறாங்கள்? கடைக்குப் போய்ப் பாண் வாங்கேலாமல் நிக்கிறன்" என்று அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

அந்தக் கோடை முடிவதற்குள்தான் பேஸ்போல் அணியில் ஆள் மாற்றம் நடந்தது. ஒரு பின்னேரம் தொலைபேசியில், "தம்பி, குடுத்திட்டாங்கள்" என்றார் குலம் அண்ணை. "ஆரை அண்ணை?" "எங்கட பெரியவனை." பக்கத்தில் நின்ற யசோ, "ஆருக்குக் கலியாணமாம்? ஆரைக் குடுத்தவையாம்?" என்று என் தோளைப் பிடித்து உலுப்பினாள். அக்காவின்ட ஆக்களின் பேஸ்போல் அணியில் பந்தை மைதானத்துக்கு வெளியே அடிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவன் இருந்தான். குலம் அண்ணைக்கு அவன்தான் பெரியவன். அவனைப் பருவத்தின் நடுவில் தூரத்து அணி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு அங்கிருந்து அமைதியான ஒரு பெடியனை எடுத்திருந்தார்கள்.

என் கருத்தை நான் அன்றும் சொன்னேன், இன்றும் அதுதான். அது விசர்த்தனம். பெரியவன் சோம்பேறி, சரி. ஓடவேண்டிய இடத்தில் நடந்தான், சரி. ஆனால் ஆட்டம் கைவிட்டுப் போகும் நேரத்தில் எதிரணி பயப்படுவதற்கு ஒரு ஆள் வேண்டும். ஒழுங்காகப் பந்து பிடிக்கும் பெடியனைப் பார்த்து ஒருவரும் பயப்படமாட்டார்கள். குலம் அண்ணை இதை ஒத்துக்கொள்ளவுமில்லை, மறுக்கவுமில்லை. "மாத்துச் சம்மந்தத்திலை கணக்குப் பாக்கப்படாது தம்பி. குடுத்த பிள்ளையும் எங்கட, வந்த பிள்ளையும் எங்கட. ரெண்டு வீடும் சொந்த வீடு" என்றார். "அண்ணை, இது கலியாணம் இல்லை, வியாபாரம்" என்றேன். "அக்காவைக் குடுக்கேக்கை நானும் அப்பிடித்தான் நினைச்சு அழுதனான்" என்றார். அதன்பிறகு அவர் வந்த பெடியனுக்கும் கை தட்டினார், போன பெரியவன் அங்கே அடித்தாலும் கை தட்டினார். இரண்டு பேருக்கும் கை தட்டுபவன் எந்த அணிக்கு ஆதரவாளன்? எனக்கு அது பிடிக்கவேயில்லை.

இலையுதிர் காலத்தில் அவர் வீடு மாறப்போவதாகச் சொன்னார். இரவு வேலைக்கு எங்கள் பக்கமிருந்து நகரத்தைக் குறுக்கறுத்துப் போய்வர உடம்பு ஏலாதாம். ஆர்ச்வேயில், கணேசன் பார்த்துக் கொடுத்த வீடாம். "நல்லது அண்ணை. என்னைக் குடுத்துக் கணேசனை எடுத்திட்டியள்" என்றேன். பகிடியாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், வந்த குரல் பகிடியாக இல்லை. அவர் இருமல் வரும்வரை சிரித்தார். "ஓம் தம்பி. ஆனால் குடுத்த பிள்ளையை அடிக்கடி வந்து பாக்கிறது வழக்கம்." சொன்னபடி வந்தார். முந்தியைப்போல் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இல்லை, ஆனால் ரயில் ஏறி வந்தார். வாசலில் அதே கேள்வியைக் கேட்டார். கசற்றில் வாக்குகள் மறுபடி பலிக்கத் தொடங்கின. இறுதிப் போட்டியன்று மங்கிய கண் எப்படித் திரும்பியது என்று நான் யோசிக்கவில்லை.

அவர் மறைந்த எட்டாம் நாள் செலவுச் சடங்குக்கு நாங்கள் குடும்பமாக ஆர்ச்வேக்குப் போனோம். அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்தார்கள். கணேசன் அந்த வீட்டில் நடமாடிய விதத்தைப் பார்த்தேன். எந்தத் தட்டு எந்த அலுமாரியில், எந்த மூடி எந்தச் சட்டிக்கு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வந்தவர்கள் அவரிடம்தான் கை கொடுத்துத் துக்கம் கேட்டார்கள். சாப்பாடு முடிந்தபிறகு அவர் குசினியில் பாத்திரம் கழுவினார், நான் துடைத்தேன். எனக்கு வாய் சும்மா இருக்குமா? அவரிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது என்று காட்டவேண்டும்போல் இருந்தது.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது கணேசன்" என்று தொடங்கினேன். "அண்ணை மட்ச் பாக்கேக்கை, பந்து கையை விட்டு வெளிக்கிட முன்னமே சொல்லிப்போடுவார், விழுமோ விழாதோ எண்டு. எங்கட வீட்டிலை அவருக்குச் சாத்திரி எண்டுதான் பேர்."

கணேசன் தண்ணீர்க் குழாயை மூடினார். "எப்பண்ணே? உங்க வீட்டுல டேப் போட்டுப் பாப்பீங்களே, அப்பவா?"

"ஓம்."

அவர் கழுவு தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த வீட்டில் அன்று கேட்ட முதல் சிரிப்பு அதுதான். ராணி அக்கா எட்டிப் பார்த்தார். கணேசன் சொன்னார்: "அண்ணே, அதெல்லாம் ராத்திரியே பாத்துட்டாருங்க! ரெஸ்ட் ரூம்ல டிவி இருக்குல்ல. சாம்பிள் வராத நேரத்துல ரெண்டு பேரும் உக்காந்து பாப்போம். எல்லா மேட்சும் பாத்துருக்கோம்."

என் கையில் ஈரத் தட்டு இருந்தது. முதலில் எனக்கு வந்தது ஒரு பெரிய நிம்மதி. கண்ணாவது, ஞானமாவது! விழுந்ததைப் பார்த்துப்போட்டு வந்து என் சோபாவில் இருந்துகொண்டு "விழும்" என்று சொல்லியிருக்கிறார், திருட்டு மனுசன். நான் எரிந்ததெல்லாம் வீண். அந்த நிம்மதி தட்டைத் துடைத்து முடிக்கும்வரைகூட நிற்கவில்லை. செய்தியும் கணேசனுக்கு முதல், ஆட்டமும் கணேசனுக்கு முதல். எனக்குக் கிடைத்தது எல்லாம் ஆறின சோறு.

என் முகத்தைப் பார்த்துக் கணேசனுக்கு விளங்கிவிட்டது. "சொல்லிருக்கக் கூடாது லா" என்றார். "நான்கூடக் கேட்டிருக்கேன் அண்ணே, ஏன் அவர ஏமாத்துறீங்கன்னு. பாத்துட்டேன்னு சொன்னா தம்பி டேப் போட மாட்டாரு, டேப் போடலன்னா நான் எதுக்கு அங்க போறதுன்னு கேட்டாரு."

எனக்கு அது போதவில்லை. "அப்ப கிண்ணம் வெண்ட மட்சும் உங்களோடைதான் பாத்தவர்" என்றேன். கேள்வியாகக் கேட்கவில்லை, தீர்ப்பாகவே சொன்னேன்.

கணேசனின் முகத்தில் இருந்த சிரிப்புப் போய்விட்டது. கையைத் துடைத்தார். "அது ஒண்ணு மட்டும் இல்லைங்க. அத நெனச்சா எனக்கு இப்பவும் கோவம் வரும். சீசன் பூரா என்கூட பாத்தாரு. பைனல் அன்னிக்கு டிவி போடுறேன், ரூமுக்குள்ள வரமாட்டேன்னுட்டாரு. வேலை இல்லாமலே லேப்ல போய் நின்னாரு. காதுல பஞ்சு வச்சுக்கிட்டாரு. யாராச்சும் முடிவு சொன்னா கொலை விழும்னாரு. நான் தனியா பாத்தேன் அண்ணே. ஜெயிச்சதும் ஓடி வர்றேன், சுவத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டாரு, என் மூஞ்சியப் பாத்தா தெரிஞ்சிருமாம். காலைல பஸ் ஸ்டாப்புலகூட முதுகக் காட்டிக்கிட்டுத்தான் நின்னாரு."

"ஏனாம்?" என்றேன்.

கணேசன் குலம் அண்ணை பேசுவதுபோலவே பேசிக் காட்டினார். மலேசிய வாயில் யாழ்ப்பாணம் சரியாக வரவில்லை, ஆனாலும் அது அவர்தான். "'இதை மட்டும் தம்பியோடை தெரியாமல் பாக்கோணும்'னாரு. அப்ப நான் யாருன்னு கேட்டேன். ரெண்டு வீடும் சொந்த வீடுன்னாரு. என்னா வீடு, எனக்கு ஒண்ணும் புரியல." பிறகு கொஞ்சம் தயங்கி, "அன்னிக்கு எப்படி இருந்தாருண்ணே? பயந்தாரா?" என்று கேட்டார்.

சொல்லாமல் விடுவோமா என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு சொன்னேன். சோபாவின் நுனியை, தொடாத தேத்தண்ணீரை, பிழைத்த வாக்குகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். கணேசன் கதவில் சாய்ந்து நின்று கேட்டார். பதிலுக்கு அவர் தன்னிடம் இருந்ததைத் தந்தார். நெட்டையனை இறக்காத கோபத்தில் இரவில் தொலைக்காட்சியோடு சண்டை பிடித்த, தோற்கும்போது ஹைகேற் முருகனுக்கு நேர்த்தி வைத்த, எனக்குத் தெரியாத ஒரு குலம் அண்ணையை. நைற் ஷிப்டுக்குப் போனபிறகு என் வீட்டில் அவர் ஒருநாளும் பயந்ததில்லை, அந்த ஒரு நாளைத் தவிர.

கணேசனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இந்த மலரை ராணி அக்கா அவருக்கு வாசித்துக் காட்டப்போகிறாராம். நல்லாக வாசிக்கட்டும், அவருக்கும் கொஞ்சம் எரியட்டும். அவரிடம் எத்தனையோ இரவுகள் இருக்கின்றன, என்னிடம் ஒரு பின்னேரம். மாற்றுச் சம்பந்தத்தில் கணக்குப் பார்க்கக்கூடாது என்பார் குலம் அண்ணை. நான் பார்த்தேன். எனக்குத்தான் லாபம்.

பலித்த வாக்குகள் எல்லாவற்றையும் கணேசனே வைத்துக்கொள்ளட்டும். அவை அந்த ரெஸ்ட் ரூமுக்குச் சொந்தமானவை. நான் வைத்துக்கொள்வது பிழைத்தவற்றை. வளையத்தில் பட்டு வெளியே தெறித்த அந்தப் பந்தை, என் மணிக்கட்டில் பதிந்த நகத்தை, என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நடுங்கிய அந்தக் குரலை. "எனக்குத் தெரியாது தம்பி. சத்தியமா எனக்குத் தெரியாது."